தீர்த்தமலைக்கு நேர்ந்த முடி

அரூர்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி ரஞ்சித்துக்கு,

உன் முழங்கால் ஆறிவிட்டது. உன் சுமோ ஆசானின் மனைவி நேற்று போனில் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். என் செய்தி நிருபர் வேலை வீட்டிலும் விடவில்லை.

உனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கால் சரியானால் உனக்கு மொட்டை போடுவதாக அம்மா தீர்த்தமலையில் வேண்டிக்கொண்டாள். இப்போது டிசம்பரில் வரச் சொல்கிறாள். "மயிருதானே, மறுபடி மொளைக்காதா?" என்கிறாள். வெங்கடாசலம் மாமா அதற்குள் கிடா விருந்துவரை போய்விட்டார். உனக்கு லீவு கிடைக்குமா?

அக்கா சுகுணா

டோக்கியோ
27 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு பிரச்சினை இல்லை. சுமோவில் கொண்டையை ஒரே முறைதான் வெட்டுவார்கள், ஓய்வு பெறும் நாளில். கடைசி வெட்டு ஆசானுடையது. மொட்டைத் தலையோடு யாரும் களத்தில் ஏற முடியாது.

காயத்தால் ஆடாமல் இருந்ததில் தரவரிசையில் கீழே விழுந்துவிட்டேன். என்னைவிடச் சின்னப் பையன்களோடு சேர்ந்து பாத்திரம் கழுவுகிறேன். பெரிய வீரர்களுக்கு முதுகு தேய்த்துவிடுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நவம்பரில் ஃபுகுவோகா போட்டியில் ஆடுவேன்.

வேண்டிக்கொண்டது அம்மா. என்னைக் கேட்கவில்லை. நான் வரமாட்டேன்.

ரஞ்சித்

அரூர்
14 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"கொண்டை போனா ஆட்டம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீதானடி அன்னைக்கே சொன்ன."

"தெரிஞ்சுதான் வேண்டினியா?"

"கால் ஒடிஞ்சு கெடந்தவனுக்கு அங்க இன்னும் என்ன வேலை? வான்னு கூப்பிட்டா வூட்டுக்கு வந்துடுவானா?"

அவள் சாமியிடம் கேட்டது உன் காலை மட்டுமல்ல, உன்னையும்தான். இப்போது அவளுக்கே பயம் வந்துவிட்டது. நேர்ந்த முடியைக் கொடுக்காவிட்டால் கால் மறுபடி போய்விடுமாம். சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் பதில் எதுவானாலும் அவளுக்கு நேராக எழுது.

சுகுணா

ஃபுகுவோகா
2 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்கா படித்துக் காட்டுவாள்.

என் முடி அடர்த்தி. கொண்டை படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எங்களுக்குக் கொண்டை போடுகிறவர் போட்டிக்கு முன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மழித்துவிடுவார். கொண்டை மேலே மடிந்து அதை மூடிக்கொள்ளும். நீ பார்த்த போட்டோ எல்லாவற்றிலும் உன் மகன் பாதி மொட்டைதான்.

இந்த முறை மழித்ததைக் குப்பையில் போடவிடாமல் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். சாமிக்கு இது. கொண்டை எனக்கு. நீ என்னை ஊருக்கு வரச்சொல்லிக் கேட்டிருந்தால் அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் கேட்டிருக்கலாம். தோற்றால் தோற்றவனாக வருவேன். நீங்கள் யாரும் என்னை மழித்துக் கூட்டி வர முடியாது.

சாப்பிடு.

ரஞ்சித்

அரூர்
25 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. சுமோ சங்கத்தின் இணையதளத்தில் பார்த்தேன்.

நேற்று அம்மாவும் நானும் தீர்த்தமலை ஏறினோம். முடி எடுப்பவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இது செல்லாதுங்கம்மா. ஆளு வந்து உக்காரணும்."

"ஆளு வரமாட்டான். ஜெயிச்சுக்கிட்டு இருக்கறான்," என்றாள் அம்மா.

"சாமி குத்தம் ஆயிடுங்க."

அம்மா பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அங்கே குவிந்திருந்த முடியின்மேல் தானே கொட்டினாள். பிறகு சன்னதிப் பக்கம் திரும்பி, சண்டைக்கு நிற்பவள்போல இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்: "கால நீ குடுத்த. முடிய அவன் குடுத்துட்டான். இதுக்கு மேல எம் புள்ளைகிட்ட எதுவும் கேக்காத. நானும் கேக்கல."

இறங்கும்போது அடிவாரக் கடையில் நான்கு இட்லி சாப்பிட்டாள். மாமா கிடாவைப் பற்றிக் கேட்டதற்கு, "உனக்கு வேணும்னா நீ மொட்டை போட்டுக்க," என்றாள்.

உன் புதிய தரவரிசை டிசம்பர் 22, திங்கட்கிழமை வெளியாகும். நீ எப்போது ஊருக்கு வருவாய் என்பது மட்டும் தெரியவில்லை. அதை எழுதிக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

சுகுணா