அட்டையில் உன் இடம்

என்னவளே,

வீட்டில் துக்கம் என்பதால், இந்த ஊர் வழக்கப்படி இந்த வருஷம் நாம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பக்கூடாது; அதைச் சொல்லும் துக்க அட்டைதான். நீ வடிவமைத்த பழைய வாழ்த்தைக் கணினியில் திறந்து, படங்களை நீக்கி, வாசகத்தை மாற்றினேன். டிசைனில் இதுதான் என் முதல் வேலை.

அச்சகத்து குவாபாரா அக்கா திரையைப் பார்த்துத் தயங்கினார். "தம்பி, அனுப்புறவங்க இடத்துல உங்க மனைவி பேரும் இருக்கே. போனவங்க பேரு அங்க வரக்கூடாதுப்பா."

அழித்தேன்.

"இப்ப உங்க பேரு மட்டும் ஓரமா ஒதுங்கி நிக்குது பாருங்க. நடுவுல கொண்டாங்க. பாலம் கட்டுற இன்ஜினியருக்கு நடு எதுன்னு தெரியாதா?"

"இப்படியே அச்சடிங்கக்கா," என்றேன்.

அவர் அச்சுப் பொத்தானை அழுத்தினார். பார்க்கிறவர்கள் எனக்கு டிசைன் வரவில்லை என்றே நினைக்கட்டும். உன் இடத்தில் நான் எப்படி நகர்ந்து நிற்பேன்?

உன் கணவன்