பார்த்துவிட்டேன் என்று நான் சொன்ன பட்டியல்

என் ஜெயராணிக்கு,

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இரண்டு எட்டு வைத்தால் அடுப்படியில் இருக்கிறவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. ஏலாக்குறிச்சி கோயிலில் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. உன் அண்ணன் குடும்பம், என் அக்கா, எல்லாரும் வருகிறார்கள். அன்றைக்கு அவர்கள் முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். அதை முதலில் உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்வது முறையில்லை.

நம் மகள் பிரின்சி, தான் ஊட்டிய கஞ்சியால்தான் நீ போனாய் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இதுதான் விஷயம்.

எங்கே ஆரம்பிப்பது? செபமாலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தினமும் சாயங்காலம் நீதான் முன்னால் சொல்வாய், நானும் பிரின்சியும் பின்னால் சொல்வோம். முதல் பத்து மணியை உருட்டும்போது உன் குரல் தெருமுனை வரை கேட்கும். மூன்றாவது பத்துக்கு வரும்போது பேச்சு மூக்கால் வரும். ஐந்தாவதில் வார்த்தையே குழைந்துவிடும், இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும். "மாதாவுக்கே தூக்கம் வந்துரும் ஒன் செபத்தக் கேட்டா" என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பும் சரியாக வரவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. மூன்று தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. காலையில்தான். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து, முதல் பஸ்ஸில் போய், டாக்டர் முன்னால் நீ உட்காரும்போது கண் இரண்டும் பளிச்சென்று இருக்கும், பேச்சு கணீரென்று இருக்கும். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலத்து உன் முகத்தை எந்த டாக்டரும் பார்க்கவே இல்லை. நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். "காலையில நல்லாத்தானே இருந்தே? வேலைன்னு வந்தாதான் ஒனக்கு சீக்கு வருதா?" என்று கேட்டேன். நீ மாவு பிசைந்துகொண்டிருந்தாய்.

தஞ்சாவூரில் அந்த நரம்பு டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். பஸ் கெட்டுப்போய் நாம் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. "ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் சத்தமா எண்ணுங்கம்மா" என்றார். இருபது வரை நன்றாக எண்ணினாய். முப்பதில் குரல் மூக்குக்குப் போனது. நாற்பத்திரண்டில் நின்றுவிட்டாய். இதே பரிசோதனையை வீட்டில் தினமும் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி உருட்டி நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். நான் அதைச் சோம்பல் என்று பார்த்திருக்கிறேன்.

மயஸ்தீனியா என்றார். சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "நரம்பு முனைக்குத் தூண்டல் வந்ததும் அங்க சின்னச் சின்னக் கதவு தொறந்து கால்சியம் உள்ள போவும். அது போனாத்தான் ஒரு ரசாயனம் வெளிய வரும். தசைப் பக்கம் அத வாங்கிக்க ஏற்பிகள் இருக்கு. ரசாயனம் வந்து ஒட்டுனதும் அந்த ஏற்பியே வழி விட்டு சோடியத்த உள்ள எடுத்துக்கும், தசை சுருங்கும். இவங்க உடம்பு என்ன பண்ணுதுன்னா, தன்னோட ஏற்பிகளையே எதிரின்னு நெனச்சு அழிக்குது. ஓய்வா இருந்தா மிச்சம் இருக்கறத வெச்சு சமாளிச்சிரும். திரும்பத் திரும்ப வேலை வாங்கினா ரசாயனம் கொறையும், அப்ப பத்தாது."

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், எனக்கு அது உடனே பிடிபட்டது. "கரண்ட் வருது, ஸ்டார்ட்டர்ல அத வாங்குற பாயிண்ட் கருகிப்போச்சு. அப்படித்தானே டாக்டர்?" என்றேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று அவர் சிரித்தார். நீ என் கையில் கிள்ளினாய். "என்னையும் மோட்டாராக்கிட்டீங்களா?" அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் வந்தோம். நோய்க்குப் பேர் தெரிந்துவிட்டது, மாத்திரை கிடைத்துவிட்டது. மாத்திரை போட்டதும் இமை மேலே ஏறிவிடும், நீ கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாய்.

அந்த டாக்டரம்மா ஒரு பட்டியலும் கொடுத்தார். இந்த நோய்க்காரர்கள் தொடக் கூடாத மருந்துகள், சிவப்பு மையில். "எந்த மெடிக்கலுக்குப் போனாலும் இதக் காட்டிட்டுத்தான் மாத்திரை வாங்கணும்" என்றார். நீ அதை செபப் புத்தகத்துக்குள் வைத்தாய். நம் வீட்டில் தொலையக் கூடாத காகிதம் எல்லாம் அங்கேதான் இருக்கும். தொலையவும் இல்லை. புத்தகத்தை விட்டு வெளியே வரவும் இல்லை.

போன வருஷம் மழையில் உனக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. நான் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனவன், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "சாதா சளிதாங்க" என்றேன். அவர்மேல் குற்றமே இல்லை. வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். உனக்கு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிற நேரம். படுத்தபடியே கேட்டாய்: "என்னங்க, லிஸ்ட்ட பாத்தீங்களா?"

புத்தகம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. வெளியே ஒருத்தர் தண்ணீர் மோட்டாரோடு காத்துக்கொண்டிருந்தார், அதை இறக்கிவைத்து என் கையெல்லாம் கிரீஸ். கை கழுவச் சோம்பல் பட்டேன், ஜெயராணி. "பாத்துட்டேன், போடு" என்றேன். நீ போட்டுக்கொண்டாய்.

மறுநாள் சாயங்காலம் பிரின்சி உன்னைச் சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டினாள். மூன்றாவது கரண்டியில் புரை ஏறியது. உன்னால் இருமக்கூட முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, தஞ்சாவூர் போனோம், மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். ஆறு நாள்தான் இருந்தாய்.

இரண்டாம் நாள் செபப் புத்தகத்தை எடுத்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பட்டியலை விரித்தேன். சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். பட்டியலில் மேலிருந்து மூன்றாவது பெயர் அதுதான். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சில ஆன்டிபயாடிக் அந்த ரசாயனம் வெளிய வர்றதையே கொறைச்சிரும். இவங்களுக்கு ஏற்கெனவே ஏற்பி கம்மி. ஆனா வெறும் காய்ச்சலே இப்படிக் கொண்டுபோயிடும். எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. கஞ்சியால இல்ல. முழுங்கற தசை அதுக்கு முன்னாடியே தளந்துபோச்சு" என்றார். உறுதியாச் சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஒளிந்திருந்தேன்.

அடக்கத்தன்று அக்கா உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "சின்னப்புள்ள கைக்கு என்னா தெரியும், கஞ்சி பொரை ஏறிப் போய்ட்டாளே" என்று எல்லார் காதிலும் விழ அழுதாள். உன் கால்மாட்டில் பிரின்சி இருந்தாள். அப்போதே நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான் கை கழுவுகிற சத்தம் கேட்டால்தான் உள்ளே வருவாள். என்மேல் ஏதோ கோபம் என்று இருந்துவிட்டேன். போன மாசம் உன் அண்ணன் வீட்டார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டச் சொல்லி அதன் அம்மா கிண்ணத்தைப் பிரின்சி கையில் கொடுத்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பட்டறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். "எனக்கு யாருக்கும் ஊட்ட வராதுப்பா. இனிமே என்னைக் கேக்க வேணாம்னு சொல்லிருங்க" என்றாள். கோபமில்லை, ஒருத்தர் சாப்பிடுவதைப் பார்க்கவே அவளுக்குப் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. இருபது வயசுப் பிள்ளை, ஜெயராணி. அவளுக்கு நாளைக்கு ஒரு குழந்தை பிறக்காதா?

போன செவ்வாய்க்கிழமை அவளை உட்கார வைத்து, பட்டியலையும் அந்த மாத்திரை அட்டையையும் எதிரில் வைத்தேன். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நிதானமாகப் படித்துப் பார்த்தாள். நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டாள்.

"அம்மா கேட்டாங்களா, லிஸ்ட்ட பாத்தீங்களான்னு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ கேட்டபோது அந்த அறையில் நீயும் நானும்தான் இருந்தோம்.

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்துட்டேன்னு சொன்னேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று இருந்தேன். பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலையில் காலேஜ் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாதுப்பா. அத்தை எல்லாரு முன்னாடியும்தானே சொன்னாங்க? நீங்களும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நம்ம பேசிக்கலாம்." அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. ஒரு வருஷம் அவள் தனியாகச் சுமந்ததற்கு எனக்கு ஞாயிறு வரைக்கும் ஐந்து நாள் ஒன்றும் அதிகமில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. உன் அண்ணன் என்ன செய்வார் என்று தெரியாது. இந்தப் பட்டறைக்கு நாளைக்கு யார் மோட்டார் கொண்டுவருவார்கள் என்றும் தெரியாது. நீ என்னை என்ன நினைப்பாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நீ ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் போனாயா? மிஷின் வைத்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால், எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது சொல்லிவிடுகிறேன். உன்மேல் சத்தியம் செய்ய எனக்கு அருகதை கிடையாது. பிரின்சி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அப்புறமும் அவள் என்னிடம் பேசாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்குப் பந்தியில் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே அவள் நின்றால் எனக்கு அது போதும்.

உன் வீட்டுக்காரன்,
பிரின்சிக்கு இன்னும் அப்பாவாக இருக்க ஆசைப்படுகிற
அந்தோணி