புங்கங்காய் ஓட்டில் தண்ணீர்

ஜூன் 11, செவ்வாய்

அங்கன்வாடிக்கு இன்று நான்கு படப்புத்தகங்கள் வந்தன. மூன்றைப் பிள்ளைகள் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். நான்காவதை மூன்று முறை படிக்க வைத்தார்கள். ஒரு எறும்பு, ஒரு நத்தை, ஒரு மரவட்டை. மூன்றும் சேர்ந்து காய்ச்சலில் கிடக்கும் கோழிக்குப் புங்கங்காய் ஓட்டில் தண்ணீர் சுமந்து போகின்றன. வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் “உங்களால முடியாது” என்கிறார்கள். “சின்னவங்கதான், ஆனா கொண்டாந்துடுவோம்!” என்று மூன்றும் பதில் சொல்கின்றன. அந்த வரி வந்தாலே பூமிகா எழுந்து நின்று கத்துகிறாள். நாலரை வயதுக்கு அப்படி ஒரு குரல். சமையல் செய்யும் செண்பகம் அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

வரும் வழியில் பரசுராமன் கட்டிய லைன் வீடுகளின் முன்னால் தரைக்குள் கட்டிய தண்ணீர் சம்ப் இன்னும் மூடி போடாமலே கிடக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டும். மையம் நடக்கும் கட்டடமும் அவருடையதுதான், முகம் சுளிப்பார். வேறொரு நாள் பார்க்கலாம்.

ஜூன் 24, திங்கள்

பாய் விரிக்க அடிதடி. தட்டு எடுத்து வைக்க அடிதடி. எல்லாம் அந்தப் புத்தகம் செய்த வேலை. பூமிகாவை அழைத்துப்போக வந்த அவள் அம்மா ரம்யா சிரித்தாள்: “ஊட்டுல என்னிய ஒரு வேல செய்ய வுட மாட்றா டீச்சர். தொடப்பம் அவ உயரம் கீது, அத்த இஸ்துக்கினு திரியறா.”

மனசு நிறைந்திருந்தது. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடத்தில் ஒரு புத்தகம் இப்படி வேலை செய்து பார்த்ததில்லை.

ஜூலை 3, புதன்

பூமிகா போய்விட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

எழுதாவிட்டால் தலைக்குள் ஓடுகிறது.

புதன்கிழமை மூன்றரைக்கு நான்தான் அவளை அந்த லைன் வீட்டு வாசலில் விட்டேன். அவள் அப்பா ஆதிகேசவன் இரும்பு ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. நாலே முக்காலுக்கு ரம்யா கம்பெனி வேனிலிருந்து இறங்கியபோது பூமிகாவின் குட்டிக் குடம் சம்ப்பில் மிதந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள், குடத்தோடு போனவளைப் பார்த்து எங்கே என்று கேட்டாளாம். “அம்மா வர்றதுக்குள்ள தண்ணி கொண்டாந்துடுவோம்” என்றாளாம்.

கொண்டாந்துடுவேன் இல்லை. கொண்டாந்துடுவோம்.

கூட யாரும் இல்லை. அவள் யார் யாரைச் சேர்த்துக்கொண்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 8, திங்கள்

மையம் திறந்தோம். பிள்ளைகள் முதலில் கேட்டது அந்தக் கதையைத்தான். எலி கடித்துவிட்டது என்று பொய் சொன்னேன். பீரோவுக்கு மேலே, எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

வருகைப் பதிவில் வாய் தவறி அவள் பெயரையும் வாசித்துவிட்டேன். “வரல டீச்சர்” என்று இரண்டு பேர் சாதாரணமாகச் சொன்னார்கள்.

செண்பகம் அக்கா அண்டாவில் தண்ணீர் ஊற்றினால் கேட்கிறது. பைப்பைத் திறந்தால் கேட்கிறது. நேற்று கோயிலில் எல்லோரும் பாடும்போது நடுவில் கேட்டது. அந்த ஒரு வரி, அதே குரலில். நான் சொல்லிக் குடுத்த வரி. நான்தானே சொல்லிக் குடுத்தேன்?

ஜூலை 15, திங்கள்

பரசுராமன் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“கிறிஸ்டினா டீச்சர், தாலுகா ஆபீஸ்ல வெசாரணைக்கு உங்களக் கூப்டுவாங்க. சம்ப்பு மேல பலக போட்டுக்கினுதான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. பலகய அது தள்ளிட்டுச்சு, நாம இன்னா பண்றது? புள்ளங்க இங்க நல்லா கீதுங்க, அப்டியே இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது. அவர் நிம்மதியாகப் போனார்.

ஜூலை 18, வியாழன்

ரம்யாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கதையை, அந்த வரியை, எல்லாவற்றையும். என்னாலதான் ரம்யா, என்னாலதான் அவ போனா என்று அழுதேன்.

அவள் என்னை உட்கார வைத்தாள். பிறகு, “அந்தக் கதய டெய்லி ஊட்டுல நடத்துவா டீச்சர். நான்தான் கோழி. காய்ச்சல்னு கண்ண மூடிக்கினு கெடக்கணும். முழிச்சா திட்டுவா” என்றாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புக்கு இன்னா பண்ணும்? எம்பொண்ணு தண்ணி எடுக்கப் போனா. அது ஒரு தப்பா? தெறந்து போட்டு வெச்சானே, அவன யாரும் ஒரு வார்த்த கேக்கல.”

திரும்பி வரும்போது பதினைந்து நாளில் முதல்முறையாகப் பசித்தது.

ஜூலை 19, வெள்ளி

ஜூன் 11-ஐத் திருப்பிப் படித்தேன்.

‘வேறொரு நாள் பார்க்கலாம்.’ என் கையெழுத்துதான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள். தினம் இரண்டு தடவை அந்தச் சம்ப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். புடவை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

புத்தகம் புத்தகம் என்று அழுதேனே, அதை நினைத்து அழுவது சுலபம் என்பதாலா?

பென்னியிடம் காட்டினேன். படித்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது: “பொய் சொல்ல வேணாம். கவனிக்கலன்னு மட்டும் சொல்லிடு. உனுக்கு இன்னாத்துக்கு வம்பு?”

ஜூலை 25, வியாழன்

தாலுகா ஆபீஸில் அதிகாரி கேட்டார்: “தினமும் அந்த வழியாத்தான் வருவீங்களா?”

“ஆமா.”

“பலகை இருந்ததா?”

“இல்ல. ஒரு நாளும் இல்ல.”

“மூடி இல்லாதது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

பின் பெஞ்சில் ரம்யாவும் ஆதிகேசவனும். அந்தப் பக்கம் பரசுராமன். நோட்டைத் திறந்து ஜூன் 11-ஐக் காட்டினேன். “தெரியும்” என்றேன். நகல் எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே ரம்யா என் எதிரில் வந்து நின்றாள். “தெரிஞ்சுக்கினேவா டீச்சர், தெனம் அப்டி போனீங்க?”

“ஆமா ரம்யா.”

ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நான் ஏறவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பரசுராமன் மேல் வழக்கு பதிந்துவிட்டார்கள். நாங்கள் அவருடைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டோம். இப்போதைக்கு மாதா கோயிலின் பின்கட்டு அறை. மின்விசிறி இல்லை.

சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது ஆதிகேசவன் வந்தார். “நாங்க மீஞ்சூர் பக்கம் போறோம் டீச்சர். அந்த புக்க ரம்யா கேட்டா.”

மையத்துக் கணக்கில் இருப்பது, கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அதற்கு முன் பார்த்ததில்லையாம், எப்போதும் ஷிப்ட்.

“வேற ஏதாச்சும் சொன்னாளா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர்.”

நவம்பர் 6, புதன்

மழை. புது வழியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, வாசலில் சம்ப் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தவர், “எங்க ஊட்டுச் சம்ப்பு, உனுக்கு இன்னாம்மா பேஜாரு?” என்றார். மூடுங்கள் என்றேன். அப்புறம் மூடுவதாகச் சொன்னார். இப்போதே மூடுங்கள், நான் நிற்கிறேன் என்றேன். திட்டிக்கொண்டே உள்ளே போனார். குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். நாற்பது நிமிடம் கழித்து இரும்புத் தகடு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

அவர் மூடுவதற்கு முன் குனிந்து உள்ளே பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர்தான்.