மூன்றாவதாக வருகிறவள்

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, தங்கை மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நீ யோசிப்பாய். போன் என்றால் ஓட்டல் வரவேற்பு மேசையில் விருந்தாளிகளிடம் பேசுகிற அதே குரலில் என்னிடமும் பேசி, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அம்மாவுக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை கூடிப்போய்த் தோள்பட்டை வலிக்கிறது, சொன்னால் கேட்பதில்லை, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுகிறாள். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். புதிதாக வந்தவர் பகலெல்லாம் ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார், என்ன தொழில் என்று கேட்டால் சிரிக்கிறார், எனக்கென்னவோ சரியாகப் படவில்லை. அம்மா சொல்கிறாள், "பஸ்ல டிக்கெட் செக் பண்ணிப் பண்ணி உங்களுக்கு ஊர்ல இருக்கிறவன் எல்லாம் டிக்கெட் எடுக்காதவனாவே தெரியுது" என்று. அது போகட்டும். நான் எழுத வந்தது உன் தங்கை விஷயம்.

அவள் எண்ணூறு மீட்டர்காரி என்பது உனக்குத் தெரியும், மைதானத்தை இரண்டு சுற்று, சின்ன வயதிலிருந்தே அதுதான் அவளுடைய தூரம். இந்த வருடம் நான்கு போட்டிகள், ஏதாவது ஒரு போட்டியில் ஏதாவது ஓர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தலைநகரத்துப் பயிற்சி விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், படிப்பு, சாப்பாடு, வெளிநாட்டுப் போட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் போட்டியில் எண்ணூறு ஓடினாள், மூன்றாவதாக வந்தாள். அந்த ஓட்டத்தில் முதலில் வந்தது யார் என்றால் அவள் கோச்சினுடைய அண்ணன் மகள், இரண்டு பேரும் ஒரே மைதானத்தில்தான் ஓடிப் பழகுகிறார்கள். சரி, ஒரு நாள் அப்படித்தான் என்று விட்டேன். அடுத்த போட்டிக்கு இவளை எண்ணூறில் இருந்து தூக்கி நானூறில் போட்டுவிட்டார் கோச். கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்கு நல்ல ரேஞ்ச் இருக்கு சார், நானூறும் ஓடுவா, ஆயிரத்து ஐந்நூறும் ஓடுவா, வேகமும் இருக்கு தம்மும் இருக்கு, இப்படி அமையறது அபூர்வம்" என்று புகழ்ந்தார். கேட்காமல் யாராவது புகழ்ந்தால் எனக்குப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும், அது என் சுபாவம். நானூறிலும் மூன்றாவதாகத்தான் வந்தாள். அண்ணன் மகளுக்கு எண்ணூறைக் காலி செய்து கொடுக்கத்தான் இவளை இங்கேயும் அங்கேயும் துரத்துகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன், அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "முதல்ல ஒரு தடவை போய் உங்க கண்ணால பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே கொஞ்சம் பார்த்தேன். அவள் பையில் ஒரு டப்பாவில் வெள்ளையாக ஒரு தூள் இருந்தது. ஊக்க மருந்து, அது இது என்று பேப்பரில் என்னென்னவோ படிக்கிறோம் இல்லையா. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பும் சர்க்கரையும், கொஞ்சம் எலுமிச்சை வாசனை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், "தண்ணில கலந்து குடிக்கணும்பா, நக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் எங்களிடம் இரண்டு வார்த்தை, பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள், இறங்கி வரும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். அக்கா தங்கை பேச்சு என்று அப்போது நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை, இத்தனை வருடம் செக்கிங் வேலை பார்த்து என்ன பிரயோசனம் சொல்.

பிறகு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, அவள் பழகுகிற மைதானத்துக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். அங்கே என்ன பார்த்தேன் என்றால், இவளும் அந்த அண்ணன் மகளும் சேர்ந்து ஒரு சுற்று ஓடினார்கள், இவள் சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடி, கடைசி வளைவில் ஒரு இழுப்பு இழுத்தாள் பார், அந்தப் பெண் எங்கோ நின்றுவிட்டாள். இவளுக்குப் பின்னால் ஓடுகிற பெண் போட்டியில் மட்டும் இவளுக்கு முன்னால் எப்படி வருவாள்? கோச் சொல்லித்தான் இவள் தோற்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போது பின்னால் இருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது, மைதானத்துக் காவலாளி, "யாருய்யா நீ, ரொம்ப நேரமா பொம்பளப் பிள்ளைங்க ஓடுறத ஒளிஞ்சு நின்னு பாக்குற?" என்று பிடித்துக்கொண்டார். அப்பா என்று சொன்னால் நம்பவில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம், அடையாளம் காட்டு என்கிறார். பஸ் பரிசோதகர் அட்டையைக் காட்டினேன், "பஸ்ஸு இங்க எங்க ஓடுது?" என்று கேட்டார். கடைசியில் உன் தங்கையே வந்து, எங்க அப்பாதான், கொஞ்சம் சந்தேகப் பேர்வழி, விட்டுடுங்க என்று சொல்லி மீட்டாள். மானம் போனது போகட்டும், அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒரு பயம் இருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது போட்டி ஆயிரத்து ஐந்நூறு. இந்த முறை ஒளியவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேடியத்தில் உயரமான படியில் போய் உட்கார்ந்தேன். கடைசிச் சுற்று மணி அடித்தபோது இவள்தான் முன்னால். எனக்கு எழுந்து நின்று கத்தத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். எதிர்ப்பக்க நேர்கோட்டில் ஒருத்தி இவளைத் தாண்டினாள். பிறகு இவள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கண்ணு, ஓடுகிறவர்கள் பின்னால் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், யாராவது பிடித்துவிடுவார்களோ என்கிற பதற்றம் அதில் இருக்கும். இது அப்படி இல்லை. பரிசோதகர் ஏறுகிறாரா என்று பஸ்ஸின் பின்வாசலைப் பார்ப்பான் ஒருவன், அவன் முகத்தை ஆயிரம் பேருக்கு நடுவிலும் நான் கண்டுபிடிப்பேன், அந்த முகம் அது. அடுத்தவள் வரும்வரை காத்திருந்து, அவளைத் தாண்ட விட்டு, அப்படியே அளவாக ஓடி மூன்றாவதாக வந்து சேர்ந்தாள். மற்ற பெண்கள் எல்லோரும் தரையில் விழுந்து கிடக்கிறார்கள், இவள் ஒருத்திக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள், மூச்சு கூட வாங்கவில்லை.

நேராகக் கோச்சிடம் போனேன், என் பெண்ணைத் தோற்கச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டேன், இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அதை எழுத வேண்டாம். அவர் கோபப்படவே இல்லை. என்னை ஓரமாக அழைத்துப்போய், "நான் சொல்லல சார். எண்ணூறுலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, இவ வேணும்னே விடுறா. நானூறுல போட்டா அவ்வளவு வேகத்துல கணக்குப் பண்ணி ஓட நேரம் இருக்காதுன்னு போட்டேன், அதுலயும் பண்ணிட்டா. ஆயிரத்து ஐந்நூறுல களைச்சுப் போயாவது உண்மை வெளிய வரும்னு பார்த்தேன், வரல. எந்தத் தூரத்துல இவளால ஒளிய முடியாதுன்னு தேடிக்கிட்டிருக்கேன், நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் அவரைச் சந்தேகப்பட, அவர் இவளைச் சந்தேகப்பட, இவள் இரண்டு பேருக்கும் நடுவில் எல்லா ஓட்டத்திலும் மூன்றாவதாக வந்துகொண்டிருந்திருக்கிறாள். யோசித்துப் பார், ஒரு தூரத்தில் மூன்றாவதாக வரலாம், மூன்று தூரத்திலும் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்க என்ன திறமை வேண்டும்! அது தெரிந்தபோது எனக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் கேட்கவே கூடாது, பக்கத்தில் நின்றால் போதும், அவனே சொல்லிவிடுவான். மூன்று நிறுத்தம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "அக்கா ஒவ்வொரு வாரமும் போன்ல அழுறாப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ரூம்ல தனியாதான் சாப்பிடுறாளாம், கூட இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்களாம், மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டுறாராம், அப்பவும் சிரிச்சுட்டே நிக்கணுமாம். நீயாவது வீட்டை விட்டுப் போகாதேன்னு சொன்னா. நான் ஜெயிச்சா போய்த்தானே ஆகணும், ஓடலன்னா நீங்க ஏன்னு கேப்பீங்க. அதான்" என்றாள். பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தார்கள், யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. சத்தியத்தை மீறிவிட்டாள் என்று அவள்மேல் கோபப்படாதே. அவளாகச் சொல்லவில்லை, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வைத்தேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் காலையிலேயே அவள், "முகமே சரியில்ல, என்னத்த மறைக்கிறீங்க?" என்று என்னையே பிடித்துவிட்டாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு உன் தங்கையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, "அவ அழுதா நாம போய் அவளைப் பார்க்கணும்டி, அவ அழுததுக்கு நீ எதுக்குத் தோக்கிற?" என்று மட்டும் கேட்டாள். சின்னவள் எழுந்து போய் ஷூவைக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. நாலாவது போட்டிக்கு எந்த ஓட்டம் என்று கோச் அவளையே கேட்டிருக்கிறார், எண்ணூறு என்றாளாம்.

போன சனிக்கிழமைதான் அந்தப் போட்டி. நானும் அம்மாவும் போனோம். முதல் சுற்று முடிகிற வரை அவள் நடுவில் இருந்தாள், மறுபடி அளந்து ஓடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். எதிர்ப்பக்கத்தில் அந்த அண்ணன் மகள் முன்னால் போனாள், இவள் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே போனாள், பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசி வளைவில் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். கோட்டைத் தாண்டும்போது இவள் முன்னால். தாண்டியதும் அப்படியே முட்டி மடங்கித் தரையில் விழுந்து, ஓரமாகத் தலையைத் திருப்பி வாந்தி எடுத்தாள். அம்மா பதறிப்போய், "ஐயோ பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று இறங்கி ஓடினாள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் இவனெல்லாம் என்ன அப்பா என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகும் விட்டேனா, கோச்சிடம் போய், உங்கள் அண்ணன் மகள் விட்டுக்கொடுத்துவிடவில்லையே என்று கேட்டேன். "சார், போதும் சார், வீட்டுக்குப் போங்க" என்றார். அந்தப் பெண் முதல் போட்டியிலேயே தேர்வானவள், இரண்டு பேரும் ஒரே விடுதிக்குத்தான் போகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இரவுச் சாப்பாட்டின்போது சின்னவள் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, "இப்ப நீங்க ரெண்டு பேரும் தனியா இருப்பீங்களே" என்று அழுதாள். அம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

இனி உன் விஷயம். நான் உன்னைத் திட்டப் போவதில்லை, வேலையை விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை, அது நீ முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இனிமேல் உன் அழுகைக்குத் தங்கையை மட்டும் காவல் வைக்காதே, அவள் சின்னப் பெண், மூன்று போட்டியும் அதைத் தூக்கிக்கொண்டே ஓடியிருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் கொடு, எங்களுக்கு என்ன, ஓட வேண்டிய வேலையா இருக்கிறது? தனியாகச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அம்மா தட்டோடு உட்காரும்போதெல்லாம் இந்நேரம் அவள் என்ன சாப்பிடுகிறாளோ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறாள். அந்த மேனேஜர் எந்த ஊர்க்காரர், என்ன வயது, எதற்காகத் திட்டுகிறார் என்று எனக்கு விவரமாக எழுது. நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன், தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். பயத்தோடு வேலை செய்யாதே. அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

வருகிற மாதம் சின்னவளை விடுதியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நானும் அம்மாவும் நேராக உன்னிடம் வருகிறோம், இரண்டு பேருக்கும் விடுப்பு கிடைத்துவிட்டது. சொல்லாமல் வந்து நின்று, நீ இருக்கிறபடியே உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்கு அதுதானே பழக்கம். அம்மா சம்மதிக்கவில்லை. "முன்னாடியே சொல்லிடுங்க, நாம வர்றோம்னு நெனச்சு அவ அத்தனை நாளும் சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள். அதனால் சொல்லிவிட்டேன். வர வேண்டாம், வேலை இருக்கிறது, அறை சின்னது என்று மட்டும் பதில் எழுதிவிடாதே. எழுதினால் எனக்குச் சந்தேகம் கூடிப்போய் அடுத்த ரயிலிலேயே ஏறிவிடுவேன்.

நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், உன் மனம் குளிர்ந்து இருக்க வேண்டும், எந்த நேரமும் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன்கூடவே இருக்கும். மறக்காமல் ஸ்டேஷனிலிருந்து உன் அறைக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று எழுது, டிக்கெட் நானே எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு
உன்னைப் பார்க்க வருகிற
அப்பா, அம்மா