பதினோரு கிலோ

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் இடுப்பு மட்டும் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் நடந்துகொள்கிறது. நீங்கள் மூவரும் நலம் என்று நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்தது, சம்பந்தி ரொம்ப நலம் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது. அவர் தோளில் பேரன், அவன் கையில் அவருடைய கண்ணாடி, இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், எனக்கு வயிறு எரிந்தது. அந்த அறையும் கட்டிலும் எனக்கென்று நீ ஒழுங்கு செய்தவை. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பயந்து நான் பயணத்தை ரத்து செய்தேன், அவர் போய்ப் படுத்துக்கொண்டார். பேரனுக்கு ஒன்றேகால் வயதாகிறது, இன்னும் அவனை நான் கையில் எடுத்ததில்லை.

இப்போது ஒரு கூத்தைக் கேள். போன மாதம் சம்பந்தி பெயிண்ட் கடையைப் பார்க்க ஒரு வாரம் வந்தாரே, அப்போது குளியலறையில் வழுக்கி விழுந்து, நான் எடுத்த அதே இடத்தில் முதுகுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார். அவருடைய டாக்டர் பார்த்துவிட்டு வெறும் அடிதான், பயமில்லை என்று அனுப்பிவிட்டாராம். அங்கிருந்து நேரே என்னைப் பார்க்க வந்தவர் படத்தை இங்கேயே மறந்துவிட்டுப் போனார். உன் அம்மா அதை என் படத்தோடு பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள், இரண்டும் ஒரே நீல உறை. அவர் திரும்பிப் போன மறுவாரம் டாக்டரிடம் நான் எடுத்துப்போனது அவருடைய படம். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். போன தடவை ரெண்டு ஜவ்வுதானே தேஞ்சிருந்தது, இப்ப மூணு ஆகியிருக்கே, எங்கேயாவது விழுந்தீங்களா என்றார். அப்புறம்தான் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு இது யாருங்க என்று கேட்டார். சம்பந்தி என்றேன். அவர் எப்படி இருக்கார் என்றார். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார் என்றேன், சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறதாம், வயதாக ஆக அது காய்ந்து தட்டையாகுமாம், உங்க பஸ் சீட்டுப் பஞ்சு அமுங்கிப் போகாதா, அப்படித்தான் என்றார். இருபத்தேழு வருஷம் அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குலுங்கியவனுக்கு அது புரியாமல் போகுமா. ஆனால் படத்தில் தெரிகிற தேய்மானமும் வலியும் ஒன்றல்லவாம், நிறைய தேய்ந்தவர் ஓடியாடுவாராம், கொஞ்சம் தேய்ந்தவர் துடிப்பாராம். நான் மூணு நாள் ஓய்வுன்னுதானே சொன்னேன், நாலு மாசம் படுத்தா தசையெல்லாம் தளர்ந்து வலி கூடத்தான் செய்யும் என்று ஒரு பிடி பிடித்தார். ஆபரேஷன் வேண்டாம், நடக்க வேண்டும், வலிக்கிறபோது மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் போதும். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ மட்டும் உடனே ஓடி வரச் சொன்னார்.

அன்று மாலையே சம்பந்தி அங்கிருந்து போன் செய்தார். பேரன் தோளைவிட்டு இறங்கவே மாட்டேங்கிறான் என்று பெருமை அடித்துக்கொண்டார். உங்கள் ஜவ்வு என்னுடையதைவிட மோசம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, மகளே. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பிள்ளையைக் கீழே இறக்கியிருப்பார். எனக்குத் தெரியும், ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கட்டிலில் விழுந்தவன் நான்தானே. அப்புறம் நீயும் மாப்பிள்ளையும் வேலையில் இருக்கும்போது அவன் யார் மேல் ஏறுவான்? பார்த்துக்குங்க சம்பந்தி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். படத்தை அவர் கடை ஆளிடம் கொடுத்தனுப்பியாகிவிட்டது, நீயும் இதை அவர் காதில் போடாதே.

இப்போது காலையும் மாலையும் இருபது நிமிஷம் நடக்கிறேன். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை என்று முதல் நாளே கேட்டாள். பதினோரு கிலோ தூக்கணும் என்றேன், போன கடிதத்தில் நீ எழுதிய பேரன் எடைக் கணக்கு. துணிப்பையில் மணல் போட்டு முழங்காலை மடக்கி, பையை நெஞ்சோடு அணைத்து எழுந்திருக்க வைக்கிறாள். இரண்டு கிலோவில் ஆரம்பித்தேன், இன்று ஆறு. சம்பந்தி குனிகிற லட்சணத்தை இன்னொரு போட்டோவில் பார்த்தேன், அவள் பார்த்தால் அடிக்கவே வருவாள். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்காராதே, அரைமணிக்கொரு தடவை எழுந்து நட. உன் அம்மா நீ போன் செய்வதில்லை என்று புலம்புகிறாள், அவளோடு தனியாகப் பேசு.

உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். சம்பந்திக்கு வணக்கம் சொல், முக்கால் மனதோடுதான் சொல்கிறேன். மறக்காமல் மாதாமாதம் பேரனை எடை பார்த்து எழுது. அவனும் ஏறிக்கொண்டே போகிறான், நானும் ஏறிக்கொண்டிருக்கிறேன். அப்பா மனம் கஷ்டப்படுமே என்று ஒரு கிலோகூடக் குறைத்து எழுதாதே.

இப்படிக்கு,
இன்றைய தேதிக்கு ஆறு கிலோ தூக்கும்
உன் அப்பா