ஃபேன் வீட்டில் இருக்கும் என் மனைவி தொடர்பாக

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர், பேருந்துப் பணிமனை,
கதவு எண் 9 (தற்போது ‘ஃப்ரிட்ஜ் வீடு’),
மூன்றாவது குறுக்குத் தெரு.

பெறுநர்
உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்.

பொருள்: முடிந்துபோன மின் தட்டுப்பாட்டை முடிந்துவிட்டதாக எழுத்துமூலம் அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் மின்சிக்கனச் சுற்றறிக்கை. 2. நான் நேரில் அளித்த மூன்று மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான்காவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றும் தங்கள் மேசையைச் சேர்ந்த நேரம் முறையே 10.42, 11.15, 10.38. பேருந்துகள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் முப்பத்தோரு ஆண்டுகள் எழுதிய கை இது. பழக்கம் விடவில்லை, பொறுத்தருள வேண்டும்.

1. கோடையின் தொடக்கத்தில் மின் நிலையத்தின் இரண்டு இயந்திரங்கள் ஒரே வாரத்தில் பழுதாயின. ஒவ்வொரு தெருவும் வழக்கமாகச் செலவழிக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மீறினால் தெரு முழுவதற்கும் இணைப்புத் துண்டிக்கப்படும், மறு உத்தரவு வரும்வரை இது செல்லும் என்று தாங்கள் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். அன்று மாலையே சங்கம் கூடியது. சங்கத் தலைவரைக் கணக்கு வாத்தியார் என்போம். அவர் எழுந்து, “பதினாலு வீட்டுக்குப் பதினாலு ஃப்ரிட்ஜ் எதுக்குய்யா? தெருவையே ஒரே வீடா நினைச்சுக்குங்க, கணக்கு சரியாப் போயிடும்” என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2. சீட்டுக் குலுக்கிப் போட்டு வீட்டுக்கு ஒரு சாதனம் என்று ஒதுக்கினார்கள். ஒரு வீட்டுக்கு டிவி, ஒரு வீட்டுக்கு மிக்ஸி, ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின், ஒரு வீட்டுக்கு இஸ்திரிப் பெட்டி. எதிர்வீட்டுத் தையல்கார அம்மாவுக்கு ஃபேன் விழுந்தது. தெருவில் நல்ல நிலையில் இருந்த நான்கு ஃபேன்களையும் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டினார்கள். ஆட்டோக்காரருக்குக் காலிங் பெல் விழுந்தது. தெருவில் யாரைப் பார்க்க வந்தாலும் அவர் வீட்டு பெல்லைத்தான் அடிக்க வேண்டும். அவர் வெளியே வந்து, யாரைத் தேடி வந்தார்கள் என்று கேட்டு, அந்த வீட்டு வாசலில் நின்று கூவிவிட்டுப் போவார். மற்ற சுவிட்சுகளின் மேல் வாத்தியார் பேப்பர் ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டார்.

3. எனக்கு ஃப்ரிட்ஜ் விழுந்தது. கொடுத்துவைத்தவர் என்றார்கள். பதினான்கு வீட்டுப் பாலும் தயிரும் காய்கறியும் என் வீட்டுக்கு வந்தன. நர்ஸம்மாவின் இன்சுலின் வந்தது, அது நியாயம். பெயின்டர் தம் பிரஷ்கள் காயாமலிருக்க அவற்றை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்டோக்காரர் மத்தியானம் போட்டுக்கொள்ள இரண்டு சட்டைகளை ஈரத்தோடு மடித்து வைத்தார். ஒரே நாளில் 212 முறை கதவு திறக்கப்பட்டதை நானே எண்ணியிருக்கிறேன். ஐயா, ஃபேன் இல்லாத வீட்டில் மனிதன் எங்கே உட்காருவான்? ஒருநாள் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாத்தியார் பார்த்துவிட்டார். “நேரக்காப்பாளரே, அது தக்காளிக்கு வந்த குளிர். உமக்கில்லை” என்றார். அன்றிலிருந்து என் வீட்டில் தக்காளிக்குக் கீழேதான் நான்.

4. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின்பேரில் அவளுக்கு ஃபேன் வீட்டில் இடம் கிடைத்தது. என் வாசலிலிருந்து அது இருபத்திரண்டு அடி. முதலில் காலை 11 மணிக்குப் போய் மாலை 4 மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் தலையணை போயிற்று. மூன்றாவது வாரம் துணிப் பெட்டி போயிற்று. அதற்குள் மிக்ஸி வீட்டிலேயே தெருவுக்கெல்லாம் சமைக்கத் தொடங்கிவிட்டதால், அடுப்புக்காகவாவது வருவாள் என்ற என் நினைப்பிலும் மண் விழுந்தது.

5. ஆறாவது வாரம் இயந்திரங்கள் சரியாகிவிட்டன. இப்போது மின்சாரம் எவ்வளவு தாராளமாக இருக்கிறதென்றால், எங்கள் தெருவிளக்கு நண்பகலிலும் எரிகிறது. அடுத்த தெருவில் அவரவர் வீட்டில் அவரவர் ஃபேன் சுற்றுகிறது. எங்கள் வாத்தியாரோ, “உத்தரவுல வந்தது உத்தரவுலதான் போகணும், எங்கே மறு உத்தரவு?” என்கிறார். அதைக் கேட்கத்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அங்கிருந்த எழுத்தர், “சார், தட்டுப்பாடு வந்தா சுத்தறிக்கை விடுவோம். போனா அதுவாப் போயிடும். அதுக்கெல்லாம் ஃபைல் கிடையாது” என்றார். போதாக்குறைக்கு எங்கள் தெருவுக்கு ‘முன்மாதிரித் தெரு’ என்று கேடயம் கொடுத்துவிட்டீர்கள். வெளியூர் அதிகாரிகளைத் தாங்களே அழைத்துவந்து, என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டி, “பலே!” என்றீர்கள். அப்போது மணி 11.20. கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தில் யாரும் ஒரு சுவிட்சையும் தொடுவதில்லை. இப்படியே நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

6. தினமும் மாலை 3.10 முதல் 3.35 வரை ஃபேன் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நான்கைந்து பெண்கள் சிரிப்பார்கள். அதில் ஒரு குரல் மட்டும் மூச்சு முட்ட முட்ட, விட்டுவிட்டு வரும். யாரடா இது என்று ஒரு வாரம் யோசித்தேன். அது என் மனைவி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களில் நான் கேட்டிராத சிரிப்பு. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஐயா. மனுவில் எழுதக்கூடாத சொல்தான், ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. காலை 6.10-க்கும் மாலை 4.40-க்கும் அவள் பால் எடுக்க வருவாள். சங்க விதிப்படி மற்றவர்களைப் போலவே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில் ‘பால்’ என்று எழுதுவாள். “கதவைச் சரியா மூடு” என்று நான் சொல்வேன். எங்கள் குடும்பப் பேச்சு இப்போதைக்கு அவ்வளவுதான்.

7. ஆறாவது பத்திவரை எழுதி முடித்ததும், இந்த மனுவுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கப் புறப்பட்டேன். ஆட்டோக்காரர் முதல் ஆளாகப் போட்டார். கூவிக் கூவி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாத்தியாரும் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நேற்று மாலை 4.40-க்கு என் மனைவி வந்தபோது மனுவையும் பேனாவையும் நீட்டினேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தபடியே, ஒரு வரி விடாமல் படித்தாள். நான் மூடச் சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, ஆர்டர் போட்டுத்தான் என்னைக் கூப்பிடணுமா? எதிர்த்த வீடுதானே? ஒரு நாள் வந்து ‘வா’ன்னு சொன்னா வாய் வலிக்குமா?” கையெழுத்துப் போடாமல் பாலை எடுத்துக்கொண்டு போனாள். அப்போது மணி 4.47 இருக்கலாம். சரியாகப் பார்க்கவில்லை.

8. அவள் போன பிறகு யோசித்தேன். தங்களுக்கு மூன்று மனுக்கள், சங்கத்துக்கு இரண்டு நோட்டீஸ், அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் செல்லுமா என்று டாக்டருக்கு ஒரு கடிதம். இவ்வளவையும் எழுதியவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டது நியாயம். வெட்கமாக இருக்கிறது.

9. எனவே, மேலே குறிப்பிட்ட பொருளில் கீழ்க்கண்ட திருத்தத்தைத் தாங்கள் தயவுகூர்ந்து ஏற்க வேண்டும். தட்டுப்பாடு முடிந்தது என்ற உத்தரவை வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை எக்காரணம் கொண்டும் பிறப்பிக்க வேண்டாம். முன்னதாகவே உத்தரவு வந்து சேர்ந்தால், ஃபேன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள், அவளும் வருவாள். அவள் எனக்காக வந்தாளா, தங்களுக்காக வந்தாளா என்பது சாகும்வரை எனக்குத் தெரியாது. ஞாயிறன்று, அவர்கள் சிரித்து முடித்ததும், நானே ஃபேன் வீட்டுக்குப் போய்க் கேட்பதாக இருக்கிறேன். என்ன சொல்லிக் கேட்பது என்று நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதுவதெல்லாம் மனுவாகவே வந்து நிற்கிறது. இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன, எப்படியாவது சரியாக வந்துவிடும்.

அவளை நான் கூப்பிட்ட பிறகு, உத்தரவைத் தாங்கள் உடனே பிறப்பித்தாலும் சரி, ஃபைலிலேயே வைத்துக்கொண்டாலும் சரி.

இடம்: ஃப்ரிட்ஜ் வீடு
தேதி: 17, வியாழக்கிழமை, காலை 9.05

தங்கள் அலுவலகத்தின் தாமதத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர்