இரண்டு விரல் தள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? போனில் பேசினால் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன ஊசி வைத்தியரிடம் இவரைக் கூட்டிப்போனேன். ஆறு மாதமாக வலது தோள் இறுகி, பெயிண்ட் அடிக்கிற மனிதருக்குத் தலை வாரக்கூட கை எழவில்லையே என்று நீ அவ்வளவு வருத்தப்பட்டாய். வைத்தியர் தோளைத் தொடவே இல்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்னெலும்புக்கு ஒரு விரல் வெளிப்பக்கமாக ஊசியைச் செருகி, அதைத் திருகிக்கொண்டே கையைத் தூக்கச் சொன்னார். கை மார்பு வரை வந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நம் சின்னவள் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இதுவரை உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மாதமும் எங்கள் மேல் ஓர் அடி விழவில்லை, அக்கா. இடது கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. போன மாதம் சின்னவள் கையிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது. அவள் சிரித்தாள். இந்த வீட்டில் எதையாவது கீழே போட்டுவிட்டு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதே இடத்தை வீட்டில் தினமும் அமுக்கிவிடும்படி வைத்தியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் இரண்டு விரல் தள்ளியே அமுக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். மூன்று வாரமாகியும் கை மார்பைத் தாண்டவில்லை. பாவம், வைத்தியருக்குத் தன் வைத்தியத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நல்ல மனிதரைக் குழப்பியதுதான் எனக்குச் சங்கடம்.

செவ்வாய்க்கிழமை அவர் நீலப் பேனாவால் காலில் ஒரு வட்டம் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இவர் காலை நீட்டி உட்கார்ந்து, வட்டத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை நாளா இங்கயா அமுக்கின?" என்றார், குரலை உயர்த்தாமல்.

எனக்கு எல்லாம் ஒரே கால்தான் என்று சிரித்து மழுப்பினேன். இவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வட்டத்துக்குள்தான் அமுக்குகிறேன். இவர் என் விரலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் சட்டையை இவரே வலது கையால் கொடியில் உலர்த்தினார். கொடி என் தலைக்கு மேலே இருக்கிறது.

பதில் எழுதாதே. அத்தானோடு நேரில் வா. பள்ளி விடுமுறைக்குச் சின்னவளை அழைத்துப் போக வந்ததாகச் சொல். அவள் பையில் துணி மடித்து வைத்துவிட்டேன். அடியில் என் புடவையும் இரண்டு இருக்கிறது.

வைத்தியரைச் சொன்னது உன் தப்பில்லை. உன் வீடு நன்றாக இருக்கட்டும், அக்கா. அதில் எங்களுக்கும் ஓர் ஓரம் கொடு.

உன் தங்கை